எங்கள் மாடிக் காற்றுக்குக் களமருதூர் எண் காட்டும் கணினி குறித்து

அனுப்புநர்:
மு. பஷீர் அகமது (வயது 71),
பள்ளிவாசல் தெரு, கச்சிராயபாளையம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
காற்றுத் தூசி ஒளி ஆய்வுத் திட்டம்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: எங்கள் மாடியில் உள்ள அளவீட்டுப் பெட்டியை அகற்றுவதை நிறுத்தி, மென்பொருளை எங்கள் கணினியிலேயே புதிதாகக் கம்பைல் செய்து நிறுவித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எழுத்துகள் கோணலாகவும், சில இடங்களில் கோட்டைத் தாண்டியும் இருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டுகிறேன். முதியோர் வகுப்பில் சேர்ந்து போன ஆண்டுதான் எழுதப் பழகினேன். மருமகள் ஃபரீன் எழுதித் தருவதாகச் சொன்னாள். பேனாவை நான் கொடுக்கவில்லை. அதிகாரிக்கு மனு எழுதும் சந்தோஷத்தை இன்னொருவருக்குத் தர மனம் வரவில்லை.

1. காற்றை உள்ளே இழுத்து, அதில் உள்ள தூசியும் புகையும் வெளிச்சத்தை எவ்வளவு சிதறடிக்கின்றன என்று அளக்கும் பெட்டி ஒன்றைத் தங்கள் அலுவலகம் எங்கள் மாடியில் வைத்தது. அதைக் கணக்கிட்டு எண்ணாகக் காட்ட ஒரு கணினியும் தந்தது. எண் கூடினால் காற்று மோசம் என்று பொருள். அந்த எண்ணைக் காலையில் படித்து, என் மகன் அன்சர் நடத்தும் மாவு மில் வாசலில் கரும்பலகையில் எழுதி வந்தேன். கல்வராயன் மலையிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்குகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போவார்கள். இத்தனை காலம் பிறர் படித்துச் சொல்ல நான் கேட்டேன். இப்போது நான் எழுத, ஊர் படித்தது.

2. இதே போன்ற பெட்டி களமருதூர் விவசாயி திரு. தனசேகரன் வீட்டிலும் உள்ளது. திட்டத் தொடக்கக் கூட்டத்தில் அவருக்கு முன்வரிசை நாற்காலி; எனக்கு மின்விசிறி எட்டாத மூலை. அதை நான் பெரிதுபடுத்தவில்லை. அவர் வீட்டில் மென்பொருள் நிறுவத் தங்கள் அலுவலகச் சுபஸ்ரீ அம்மையார் நேரில் சென்று, பகல் முழுவதும் இருந்து, அந்தக் கணினியிலேயே கம்பைல் செய்து (எழுதிய நிரலை அந்தக் கணினிக்கென்றே ஓடும் மென்பொருளாக ஆக்குவதாம்) கொடுத்தார். மதியம் அங்கே மீன்குழம்பு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். தனசேகரனே போன் செய்து சொன்னார். அதையும் நான் பெரிதுபடுத்தவில்லை.

3. எங்கள் வீட்டுக்குத் தங்கள் அலுவலக அன்புச்செல்வன் தம்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கறுப்புத் திரையில் வரிகள் ஓடின, பாதியில் நின்றன. ஏதோ ஒரு துணைக்கோப்பு இல்லை என்றார். அதை இறக்கினால் இன்னொன்று இல்லை என்றது. எங்கள் தெருவில் இணையம் மெதுவாகத்தான் வரும். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. களமருதூரில் கம்பைல் செய்து முடித்த மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து அப்படியே எங்கள் கணினியில் போட்டுவிட்டு, என் மனைவி ரசூல் பீவி தட்டில் வைத்த பிரியாணியைக்கூடத் தொடாமல் ஓடினார். திரையில் எண் வந்தது. நானும் மகிழ்ந்தேன்.

4. போன மாதம் உறவினர் வீட்டுக் காதணி விழாவுக்கு இங்கே வந்த தனசேகரன், கரும்பலகையைப் பார்த்தார். முந்தின நாள் எங்களுக்கு நல்ல மழை. மலை துடைத்து வைத்ததுபோல் தெரிந்தது. பலகையில் எண் மட்டும் எகிறிக் கிடந்தது. அவர் போனில் தன் வீட்டுப் பெட்டியின் அன்றைய எண்ணைக் காட்டினார். புள்ளி வைத்த இடம் உட்பட இரண்டும் ஒன்றே. "இன்னா பாய், எங்க ஊர்ல கரும்புத் தோகை கொளுத்தன பொகைய உங்க போர்டுல எழுதிக்கினு கீறீங்க?" என்று தெருவே கேட்கும்படி சிரித்தார். மாவரைக்க வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள்.

5. சுபஸ்ரீ அம்மையாரிடம் போனில் விளக்கம் கேட்டேன். கம்பைல் செய்யும்போதே பெட்டி உள்ள அந்தந்த நிலையத்தின் அடையாள எண் மென்பொருளுக்குள் பதிந்துவிடுமாம். அதனால் எங்கள் கணினி மாடியில் உள்ள பெட்டியை விட்டுவிட்டு, இணையம் வழியாகக் களமருதூர் பெட்டியின் அளவுகளை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவர் மிளகாயை அரைத்து இன்னொருவர் தூக்குவாளியில் கொட்டிக் கொடுத்தால் எங்கள் மில்லை யாராவது விட்டுவைப்பார்களா ஐயா? அன்று முதல் நான் பலகையில் எழுதுவதில்லை. பஸ்ஸில் வருகிறவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

6. இந்நிலையில், இரண்டு நிலையங்களும் ஒரே எண்ணைக் காட்டுவதால் ஒன்று போதும் என்றும், மாத இறுதியில் எங்கள் பெட்டி அகற்றப்பட்டு உபரியாகக் களமருதூரில் வைக்கப்படும் என்றும் தங்கள் கடிதம் வந்துள்ளது. அதற்கு மாவிலைத் தோரணம் கட்டத் தனசேகரன் இடம் பார்த்துவிட்டாராம். அதற்கும் போன் செய்தார்.

எனக்குப் பொறாமை என்று ஃபரீன் சொல்கிறாள். உண்டு, மறைக்கவில்லை. இங்கே மழை பெய்தால் களமருதூரிலும் பெய்ததா என்று விசாரிக்கும் அளவுக்கு உண்டு. ஆனால் பொறாமையை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் நியாயம் மாறவில்லை. எங்கள் பெட்டி அளந்த எண் ஒன்றைக்கூட இதுவரை எவரும் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றை, மற்றொன்றைப் போலவே இருக்கிறது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

ஆகவே, பெட்டியை அகற்றுவதை நிறுத்தி வைக்கவும், சுபஸ்ரீ அம்மையாரையே காலை பஸ்ஸில் அனுப்பி, எத்தனை துணைக்கோப்புகள் குறைந்தாலும் பொறுமையாக இறக்கி, எங்கள் நிலைய எண்ணோடு இங்கேயே கம்பைல் செய்து தரவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். மீன்குழம்பைவிட நன்றாக இருக்கும்.

எங்கள் காற்று அவர் காற்றைவிடச் சுத்தமாக இருக்கும் என்று நம்புகிறேன். அழுக்காக இருந்தாலும் உள்ளபடியே பலகையில் எழுதுவேன். அன்றைக்குத் தனசேகரனுக்கு மட்டும் போன் செய்ய மாட்டேன்.

அடுத்த திங்கட்கிழமையும் தங்களுக்கு எழுதுவேன். பதில் வராவிட்டால் இதையே இன்னும் விரிவாக எழுதுவேன். அம்மையார் வந்து போயிருந்தால், எங்கள் காற்றின் முதல் எண்ணை மட்டும் எழுதி அனுப்புவேன்.

இடம்: கச்சிராயபாளையம்
நாள்: 12.05.2025

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
மு. பஷீர் அகமது