பதின்மூன்றால் வகுபடாத எண்

12.3.79 திங்கள்

காலையிலேயே புழுக்கம். விடைத்தாள் இன்னும் நாற்பது பாக்கி.

ஆசிரியர் சங்கச் செய்திமடலிலிருந்து கார்டு. "தங்கள் கட்டுரையில் உள்ள எண் 13-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. இனி மாணவிகளிடமாவது கொடுத்துச் சரிபார்த்து அனுப்பவும்." பள்ளி முகவரிக்கு வந்ததால் தலைமையாசிரியர் முதலில் படித்துவிட்டார். ஆசிரியர் அறையில், உரக்க.

"பதின்மூணாம் வாய்ப்பாடு மறந்துடுச்சாங்க டீச்சர்?"

எல்லோருக்கும் சிரிப்பு.

73939133. பகா எண். கடைசி இலக்கத்தை எடுத்தால் 7393913, அதுவும் பகா எண். இன்னொன்று எடுத்தால் 739391. இப்படியே 7 வரை. பின்னால் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் கெட்டுவிடும். இரண்டு கோடை விடுமுறை. 8,598 வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்தேன், ஆயிரத்துக்கு மேல். 13 அதில் ஆறாவது. அதையா விட்டிருப்பேன்?

மறுபடி வகுத்தேன். மீதி 8.

13.3.79 செவ்வாய்

கட்டுரையைத் தட்டச்சு செய்து தந்தவர் மாமனார். கார்பன் நகலைத் தேடி எடுத்தேன். 13939133. அது 13-ஆல் வகுபடத்தான் செய்யும்.

"ஏழுன்னா குறுக்கே கோடு இருக்கும்மா. நீ எழுதுனது ஒண்ணு. பிரெஞ்சுக்காரன் ஆபீஸ்ல முப்பது வருஷம் டைப் அடிச்சவன் நான். என் கையில ஒரு எண் தப்புனதில்ல."

"கோடு போட எனக்கு யாரும் சொல்லித் தரலீங்க மாமா."

பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அனுப்புமுன் நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அவர் எதிரிலேயே சரிபார்த்தால் நம்பவில்லை என்று ஆகும். அவரே உறையை ஒட்டினார். நானும் தலையாட்டினேன். என் மேல்தான் அதிகக் கோபம். இல்லை, சரிபாதி.

வாங்க: து. பருப்பு, சோப்பு, சிவப்பு மை.

15.3.79 வியாழன்

ஒன்பதாம் வகுப்பில், நெரவியிலிருந்து வரும் பெண் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம், "பதின்மூணு வந்துடுச்சு." காதில் விழாத மாதிரி பாடம் நடத்தினேன்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன்.

"திருத்தம் அனுப்பு, யார் வேணாங்குறா? நீயே தப்பா எழுதிட்டதாப் போட்டுடு."

"தட்டச்சுப் பிழைன்னுதாங்க போடுவேன். அவர் பேரு எதுக்கு?"

"தட்டுனது யாருன்னு தெருவுக்கே தெரியும். பிரெஞ்சு பென்ஷன் மனுவெல்லாம் அப்பாதானே தட்டித் தர்றாரு? இனிமே எவன் நம்பிக் குடுப்பான்?"

நாளை வகுப்பில் நான் எப்படி நிற்பது என்று இவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. அதுதான் எரிகிறது.

17.3.79 சனி

கையாலேயே எழுதினேன். "தட்டச்சில் முதல் இலக்கம் மாறிவிட்டது. சரியான எண் 73939133. என் கணக்கில் பிழை இல்லை." மூன்று வரி. மாமனார் முன் நின்று வாசித்துக் காட்டினேன்.

"அனுப்பத்தான் போறியா?"

"ஆமாங்க மாமா."

தபாலாபீஸ் வரை நடை. நல்ல வெயில். பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினால், அவர் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டாராம். போய்க் கூப்பிடு என்பதுபோல இவர் என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை. தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். வாழைக்காய் வறுவலில் உப்பு குறைவு. போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.