கடைசி வரியை வாசி

லைட்டர் கெட்டு இரண்டு நாளாகிறது. இன்று காலை அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தேன். முதல் குச்சியின் தலை உதிர்ந்தது. இரண்டாவது சீறிவிட்டு அணைந்தது. ஐப்பசி மழை விடாமல் பிடித்திருக்கிறது, சமையல்கட்டு முழுக்க எரியாத மருந்தின் நாற்றம். உடனே நீ வந்துவிட்டாய். பெட்டியைத் திருப்பி லேபிளைப் பார்த்து, "எந்த ஆபீஸ் பெட்டி ஏட்டி இது?" என்று உதட்டைப் பிதுக்கினாய். நீ போய் இது மூன்றாவது ஐப்பசி.

மேசையில் பேப்பர் கிடக்கிறது. அறிவியல் பக்கத்தில் இன்றைக்கும் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு செய்தி வந்திருக்கிறது. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்திருக்கிறேன். முதலில் உனக்கு இதை எழுதி முடிக்க வேண்டும்.

நம் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அந்த ஆபீஸில் உன் வேலை குச்சியை உரசிப் பார்ப்பது. பண்டலுக்கு ஒரு பெட்டி உருவி, அதில் பத்துக் குச்சியை உரசி, எத்தனை எரிந்தது, எத்தனை ஒடிந்தது, எத்தனை பொறி பறந்தது என்று சொல்ல வேண்டும். நீ அதோடு விட மாட்டாய். ஒரு பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு வந்து, உன் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கு அடியில், ஈர மணலில் ஒருநாள் வைத்திருந்து மறுநாள் உரசுவாய். "காய்ஞ்ச நாள்ல கழுதைகூட பத்த வச்சிரும். பானைக்கடியில கெடந்துட்டு எரியுதான்னு பார்க்கணும்" என்பாய். உன் கங்காணிக்கு அது பிடிக்கவில்லை. உனக்குக் கங்காணியையே பிடிக்கவில்லை.

பெட்டியை மட்டுமா அப்படிப் பார்த்தாய்? பால்காரரை, கேஸ் சிலிண்டர் எடையை, ஜோசியரை, உன் சம்பந்தி வீட்டாரை, எல்லாரையும் பானைக்கடியில் வைத்துப் பார்த்த பிறகுதான் பேசினாய். நானோ அப்போதெல்லாம் வெளுத்ததெல்லாம் பால் என்று இருந்தவள். அதிலும் அறிவியல் பக்கம் என்றால் எனக்குப் பைத்தியம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பதாலோ என்னவோ, உலகத்தில் எந்த மூலையில் எதைக் கண்டுபிடித்தாலும் அதில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாக நினைப்பு. வாராவாரம் அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருந்து, எட்டு நாளைக்கு ஒருமுறை தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது, குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்து உனக்கு வாசிப்பேன். சர்க்கரை வந்த பிறகு உனக்குப் பொடி எழுத்து தெரியாமல் போயிருந்தது.

பிளாஸ்டிக்கைத் தின்னும் புழு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று வாசித்தேன்.

"நம்ம கோனாக்கமாரு ஆடு தின்னாத பிளாஸ்டிக்கா? தின்னுட்டு வயிறு ஊதிச் சாகுது. புழு தின்னுச்சு சரி, தின்னுட்டு என்ன ஆச்சு? கடைசி வரிய வாசி."

கடைசி வரியில், புழு தின்னும் வேகம் மிகக் குறைவு, இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர மேலும் ஆய்வுகள் தேவை என்று போட்டிருந்தது. நீ குடத்தை நகர்த்தி வைத்தாய்.

விரிசல் விட்டால் தானாகவே ஒட்டிக்கொள்ளும் கான்கிரீட் வந்தபோது நீ சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. "கரிசக்காடு கோடையில வாயப் பொளக்குது, மழை பெய்ஞ்சா தானா மூடிக்கிடுது. அதை யாரும் பேப்பர்ல போடக் காணோம். அது மூடுதப்பத்தான் நம்ம வீட்டுச் சுவரு பொளக்குது. கடைசி வரிய வாசி." விழுந்த பல்லைத் திரும்ப முளைக்க வைக்கும் மருந்து என்றதும், "எந்த உசுருக்கு?" என்றாய். எலிக்கு என்றேன். "எலிக்கு எப்பமும் பல்லு வளரத்தான செய்யுது, அதுல என்ன அதிசயம்? நீ பேப்பரை மேல இருந்து வாசிக்காத ஏட்டி. கீழ இருந்து வாசி. மேல இருக்கது அவன் ஆசை. கீழ இருக்கதுதான் நடந்தது."

அதற்கப்புறம் எந்தச் செய்தியாக இருந்தாலும் எலியா மனுசனா என்று கேட்பது உன் வழக்கமாகிவிட்டது. சர்க்கரை நோய் எலிக்குக் குணமாகிவிட்டது. புற்றுநோய் எலிக்குக் குணமாகிவிட்டது. மறதிகூட எலிக்குப் போய்விட்டது. "உலகத்துலயே நோய்நொடி இல்லாத சாதி எலிதான். நாமளும் ஒரு வளையைப் பார்த்துப் போயிருக்கலாம்" என்றாய். எனக்கு ஒருபக்கம் சிரிப்பு, ஒருபக்கம் கோபம். எதையும் நம்பாதது பெரிய கெட்டிக்காரத்தனம் என்ற நினைப்பு உனக்கு இருந்தது. அதை உன்னிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன். "இருந்துட்டுப் போட்டும்" என்றாய்.

பிறகு உன் கால் வீங்கியது. ரத்தம் எடுக்க நான் வேலை பார்க்கிற இடத்துக்கு வந்தாய். கையை நீட்டிக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "ரெண்டு குழாயில எடு. ஒண்ணுல எம்பேரு எழுது. இன்னொண்ணுல காளியம்மான்னு எழுது. ரெண்டையும் மிசினுக்குள்ள வை. மொதலாளிகிட்டச் சொல்லாத" என்றாய். எங்கள் மெஷினையும் பானைக்கடியில் வைக்கிறாய் என்று புரிந்தது. எனக்கு ரோசம் வந்தது. ஆனாலும் செய்தேன். இரண்டு குழாயையும் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி, நடுவில் வேறு ஆட்களின் குழாய்களை வைத்து ஓட்டினேன்.

சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியாட்டினின் உனக்குப் பயங்கரமாக ஏறியிருந்தது. கொஞ்ச நேரத்தில் காளியம்மாளுக்கும் வந்தது. உன்னைவிட ஒரு மயிரிழை குறைவு, அவ்வளவுதான். இரண்டு காகிதத்தையும் உன் முன்னால் வைத்தேன். இரண்டுக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைக் காட்டி, மெஷின் சரியில்லையோ என்று நானே ஆரம்பித்தேன். நீதான் தலையை ஆட்டினாய்.

"ரெண்டும் அச்சா ஒண்ணாருந்தாத்தான் சந்தேகப்படணும். எந்த ரெண்டு குச்சி ஏட்டி ஒண்ணுபோல எரிஞ்சிருக்கு? உன் மிசினு நல்ல மிசினு." பிறகு இரண்டாவது காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "பாவம், காளியம்மா" என்றாய்.

பொட்டாசியமும் ஏறியிருக்கிறது என்று சொன்னேன். "நம்ம குச்சி மருந்துல போடுவாவளே, அந்தப் பொட்டாசியமா? அப்ப என்னை யாரும் உரசிராதீங்க" என்று எழுந்து போனாய். நீ தெருமுனை திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இனி ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்கு முன்னால் கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைக்கும் சின்ன ஆபரேஷன். தேதியும் கொடுத்தார்கள். உன் தாய்மாமன் அந்த மெஷினில் கிடந்துதான் போனார் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த தண்ணீர் நாளில்தான் அது நடந்தது. பழுதான சிறுநீரகத்தைப் பழையபடி வேலை செய்ய வைக்கும் மருந்து ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பேப்பரில் வந்திருந்தது. உனக்காகவே வந்ததைப் போல எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். நான் முழுதாக வாசித்துப் பார்க்காமலேயே வந்தேன், அதுதான் தப்பு. சத்தமாக வாசித்துக்கொண்டே போகிறேன், கண் கீழே இறங்குகிறது, கடைசி வரி கண்ணில் படுகிறது. எலிகளில் நடந்த சோதனை இது, மனிதர்களுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம் என்று இருந்தது. நிமிர்ந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். உன்னை அப்படி ஒரு முகத்தோடு அதுவரை நான் பார்த்ததில்லை. கடைசி வரிக்கு முந்திய வரியில் நிறுத்தி, தாளை மடித்துவிட்டேன்.

கடைசி வரியை வாசி என்று நீ சொல்லுவாய் எனக் காத்திருந்தேன். குடம் நிரம்பி வழிந்தது. நீ சொல்லவில்லை. "அந்தத் தாளைக் குடு, செல்விகிட்டக் காட்டணும்" என்றாய். செல்வி உன் மகள், கடம்பூரில் வாக்கப்பட்டவள். தாள் நனைந்துவிட்டது, வேறு தருகிறேன் என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன்.

அந்த எட்டு நாளும் உன் வாசல் வழியாக நான் வேலைக்குப் போகவில்லை. கிழக்குத் தெருவைச் சுற்றிப் போனேன். உன்னிடம் சொன்னால் நீ உடைந்துவிடுவாய், சொல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுவாய். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அடுத்த தண்ணீர் நாளில் வரிசையில் உனக்குப் பின்னால் வந்து நின்று, உன் முதுகுக்குத்தான் சொன்னேன். கடைசி வரியை நான் வாசிக்கவில்லை. அது எலி.

நீ திரும்பவில்லை. குழாய்க்கு அடியில் இருந்த குடத்தை எடுத்துவிட்டு அடுத்த குடத்தை வைத்தாய்.

"தெரியும்ட்டி. நீ தாளை மடிச்ச மடிப்புலயே தெரியும்."

"பின்ன ஏன் கேக்கல?"

"நீ எத்தனை நாளைக்குத் தாங்குதேன்னு பார்த்தேன். எட்டு நாளா கிழக்குத் தெரு வழியால்லா போன? உன்னையும் ஒருதடவை பானைக்கடியில வச்சுப் பார்க்கணும்னு இருந்தேன். வச்சேன்." அப்போதுதான் திரும்பினாய். "எரிஞ்சிட்ட, சம்முவம்."

சண்முகத்தாய் என்ற என் பெயரை நீ ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. அந்தப் பாதிப் பேரில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் தண்ணீர்ச் சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள்.

நீ ஆபரேஷனுக்குப் போனாய். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி மெஷினுக்குப் போனாய். நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர்தான் என்று கணக்குச் சொன்னார்கள். "காலமெல்லாம் கொடத்தைத் தூக்கிட்டு வரிசையில நின்னேன். இப்பம் வீடு நிறையத் தண்ணி இருக்கு, குடிக்காதங்கான்" என்று சொல்லிவிட்டு, ஐஸ்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொள்வாய். செல்வி போளி வாங்கி வந்தால் அதில் கால்வாசி பிய்த்துத் தின்றுவிட்டு மீதியை எனக்குத் தருவாய். ஒன்றரை வருடம் அப்படி ஓடியது. மெஷினில் ஏறும்போதெல்லாம் அவரவருக்கென்று வைத்திருக்கும் வடிகட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் உன் பேர்தானா என்று நர்ஸை இரண்டுமுறை வாசிக்கச் சொல்வாயாம். அந்த நர்ஸ் உன் சாவுக்கு வந்து அதைச் சொல்லித்தான் அழுதாள்.

இவ்வளவுதான் என்றால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. நீ என்னைச் சோதித்தாய், நான் தேறினேன், அதோடு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் உன் சந்தேகம் தொற்றுநோய். இப்போது வேலை செய்கிற இடத்தில் என்னைச் சந்தேகப் பிராணி என்கிறார்கள். யாராவது போனில் வந்த அதிசய மருந்தைக் காட்டினால், விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிக்குப் போய் அதை முதலில் வாசித்துக் காட்டுகிறேன். அவர்கள் முகம் விழுவதைப் பார்க்கிறேன். புது மெஷின் வந்தால் என் ரத்தத்தையே இரண்டு பேரில் ஓட்டுகிறேன். அந்த இரண்டாவது பேர் இன்றைக்கும் காளியம்மாள்தான்.

போன மாதம் செல்வி உன் வீட்டை ஒழித்துக் கொடுக்க வந்திருந்தாள். பானையை நகர்த்தியபோது, மணலோடு மணலாக ஒரு பெட்டி மக்கிப்போய்க் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு அவள் சொன்னாள்.

"அம்மா ஒருதடவை எனக்குப் போன் போட்டா, சித்தி. 'மருந்து வந்துட்டு, சம்முவமே வாசிச்சா, இனி கையக் கீற வேண்டாம்'னு சொன்னா. ஆஸ்பத்திரியில போய்த் தேதியையும் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டா. சின்னப்பிள்ளை மாதிரி சிரிச்சா. பெறகு ஒரு வாரத்துல என்ன நெனைச்சாளோ, மறுபடி போய்த் தேதி வாங்கிட்டு வந்தா."

நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். எந்த மாதம் என்று மட்டும் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அப்படியானால் நீ என்னைப் பானைக்கடியில் வைக்கவே இல்லை. தாளை மடித்த மடிப்பில் எதுவும் உனக்குத் தெரியவில்லை. எல்லாரிடமும் கடைசி வரியைக் கேட்டவள், வாசித்தது நான் என்பதால் கேட்காமல் விட்டிருக்கிறாய். எட்டு நாள் நம்பியிருக்கிறாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்ன அந்த நிமிடத்தில்தான் உனக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் நீ திரும்பவில்லை. ஒரு குடம் மாற்றுகிற நேரத்துக்குள் உன் முகத்தையும் மாற்றிக்கொண்டு, எனக்காக ஒரு சோதனையைக் கட்டி, அதில் என்னைத் தேற்றியும் விட்டிருக்கிறாய்.

இதை நான் செல்வியிடம் சொல்லவில்லை. உன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. உனக்கு நான் செய்தது போதாதென்று நீயும் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய். ஆனால் உன் பொய் என்னுடையதைவிடக் கெட்டி. என்னுடையது எட்டு நாள்தான் தாங்கியது. உன்னுடையது நீ போன பிறகும் தாங்கியது.

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டேன். இந்தமுறை கீழே இருந்து வாசிக்கவில்லை. அன்றைக்குப் போலவே மேலிருந்து, ஆளில்லாத வீட்டில் சத்தமாக வாசித்தேன். தலைப்பை வாசித்தேன். நடுவில் வருகிற நல்ல செய்தியெல்லாம் வாசித்தேன். முந்திய வரியில் நாக்கு தானாகவே நின்றது. தாளை மடிக்கவில்லை. கடைசி வரியையும் வாசித்துவிட்டேன்.

எலிதாம்ட்டி.