குறைவு என்று வந்தவர்

மார்ச் 3
கிளினிக் முழுக்க இன்றும் இருமல். இந்தக் காய்ச்சல் யாருக்கு முற்றும், யாருக்கு வீட்டோடு போய்விடும் என்று முதல் நாளே கணிக்க ஒரு மதிப்பெண் முறை தந்திருக்கிறார்கள். வயது, மூச்சின் வேகம், விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன், சர்க்கரை உண்டா, இதயம் எப்படி. கூட்டினால் ஆபத்து குறைவு, நடுத்தரம், அதிகம் என்று வரும்.

பாட்டு டீச்சர் வந்திருந்தார். கூடவே அவர் கணவர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். "டாக்டர், இவளுக்கு உடம்புதான் சரியில்ல, வாய் நல்லா வேலை செய்யுது." டீச்சர் இருமிக்கொண்டே சிரித்தார். குறைவு என்று வந்தது. வீட்டுக்கு அனுப்பினேன்.

மார்ச் 6
போனில் டீச்சர்: "அசதிதான் டாக்டர், வேற ஒண்ணுமில்ல. நீங்க சாப்பிட்டீங்களா?"

மார்ச் 8
டீச்சர் போய்விட்டார். காலையில் எழுப்பப் போயிருக்கிறார் கணவர். ஆம்புலன்ஸ் வருவதற்குள் -

மார்ச் 9
திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். குறைவுதான். குறைவு என்று வந்தவர்களிலும் மிகச் சிலருக்கு முற்றலாம் என்று அந்த முறையிலேயே எழுதியிருக்கிறது.

"உங்க மேல தப்பில்ல. கணக்கு மேலயும் தப்பில்ல. முதல்ல சாப்பிடுங்க" என்றார் நர்ஸ் அக்கா.

அப்போ யார் மேல? அந்தச் சிலர் மேலயா?

மார்ச் 12
பஸ்ஸில் எதிரே தூங்கியவரின் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன். இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. வீட்டில் தங்கை, "என் நெஞ்சையே ஏன் பாக்குற? பயமா இருக்கு" என்றாள். எனக்கும்தான்டி.

மார்ச் 14
டிரைவருக்கும் காய்ச்சல். வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். நடுத்தரம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "நான் வந்துட்டா அவ தனியா இருப்பாளே" என்று சொல்லிவிட்டு, சட்டென்று சுவரைப் பார்த்தார்.

பிறகு, "எனக்கு எப்படி டாக்டர்? தாங்குமா?"

"தெரியலைங்க. தினமும் போன்ல கூப்பிடுறேன்."

இப்படி ஒரு நோயாளியிடம் நான் சொன்னதே இல்லை.

மார்ச் 16
மதியம் அவர் வீட்டுக்கு போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. பிறகு டீச்சரின் குரல். "நாங்க வெளில போயிருக்கோம். சேதியச் சொல்லிட்டு வைங்க, கண்டிப்பா கூப்பிடுறோம்."

யாரும் எடுக்காவிட்டால் பேசும் போன் மெஷினில் எப்போதோ பதிந்து வைத்தது. தெரிகிறது. ஆனாலும் கிளினிக்கை நர்ஸ் அக்காவிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

கதவு சாத்தி மட்டும் இருந்தது. போனுக்குப் பக்கத்து நாற்காலியில் டிரைவர். உதடு நீலம் பாரித்திருந்தது. பேச்சுக்கு நடுவே மூச்சு அறுந்தது.

"எடுக்கல... நான் எடுக்கலன்னா... அவ பேசுவா..."

ஆம்புலன்ஸில் அவர் கையை நான் விடவில்லை. இல்லை, அவர்தான் என் கையை விடவில்லை.

மார்ச் 25
ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். ஜன்னல் ஓரக் கட்டில் வேண்டுமென்று வார்டில் சண்டை பிடிக்கிறார். பிழைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவர் வீட்டு எண்ணை அழுத்தினேன். அங்கே யாருமில்லை என்று தெரிந்தேதான். குரல் முடியும்வரை கேட்டேன்.

"டீச்சர், அவருக்குத் தேவலை. திங்கக்கிழமை வீட்டுக்கு வர்றாரு."

மார்ச் 3 பற்றியும் ஒன்று சொல்ல இருந்தது. சொல்லாமலே வைத்துவிட்டேன்.