அந்த வரியை எடுக்க விடமாட்டேன்

உன் நினைவு மலரின் மாதிரிப் பிரதி இன்று காலை அச்சகத்திலிருந்து வந்தது. மை மணம் இன்னும் போகவில்லை. அட்டையில் பட்டுச் சேலையும் கழுத்து நிறைய நகையுமாகச் சிரிக்கிறாய். அது யாரிடம் இரவல் வாங்கிய நகை என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பதற்குத் தேவாரம், வம்சாவளி எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. நீ தமிழாக்கிய கடிதத்தில் மட்டும் ஒரு வரியைக் காணவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கோட்-டெ-நெய்ஜில் மாலை நேரப் பிரெஞ்சு வகுப்புக்குப் போனோமே, அங்கே வாசிக்கத் தந்த கடிதம் அது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் எல்லையில் நின்ற ஒரு சிப்பாய் தன் சகோதரிக்கு எழுதியது. சப்பாத்து தேய்ந்துவிட்டது, தின்னப் பாண் வந்து சேரவில்லை, ஆற்றுக்கு அப்பால் எதிரியின் பீரங்கி. பாரிஸில் நேற்று ஆண்டவர்களை இன்று கில்லட்டினுக்குக் கொண்டுபோகிறார்கள். அவனுடைய தளபதியையே துரோகி என்று பிடித்துப் போய்விட்டார்கள். ஆனாலும் எல்லையை விடமாட்டோம் என்று எழுதுகிறான்.

"இவன் யாருக்கு அதிகம் பயப்படுகிறான்?" என்று ஆசிரியை கேட்டார். எல்லோரும் எதிரிக்கு என்றோம். உன் உடைந்த பிரெஞ்சில் நீ மட்டும், "பக்கத்தில் நிற்பவனுக்கு" என்றாய்.

பஸ்ஸில் வரும்போது எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

"எடியே, சுகமா இருக்கிறன் எண்டு ரெண்டு தரம் எழுதியிருக்கிறான். ஒருக்கா எழுதினா வீட்டுக்கு. மற்றது, திறந்து பாக்கிறவனுக்கு."

நாமும் அப்படிக் கடிதம் எழுதிய சனம்தானே. 'வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல்' என்று வந்தால் ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு என்று புரிந்துகொள்வோம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க உன் குசினி மேசையில், சொல்லுக்குச் சொல் என்னோடு மல்லுக்கட்டித் தமிழாக்கினாய். 'எதிரி எங்கே நிற்கிறான் என்று தெரியும். எங்கள் கூடாரத்தில் யாரை நம்பி வாய் திறப்பது என்றுதான் தெரியவில்லை.' இதை எழுதியதும் பேனையை வைத்துவிட்டாய். உன் பெரியண்ணையைத் திரும்பி வராதபடி கூட்டிக்கொண்டு போனவர்கள் ஆமிக்காரர் இல்லை, தமிழில்தான் கதைத்தார்கள் என்று அன்றுதான் எனக்குச் சொன்னாய்.

இப்போது அந்த இரண்டாவது வசனம்தான் இல்லை. கர்க்லாண்டில் இருக்கும் உன் தம்பிக்கு உடனே போன் எடுத்தேன்.

"நான்தான் எடுக்கச் சொன்னனான் அக்கா. சனம் வேற மாதிரி விளங்கும்."

"சனம் சரியாத்தான் விளங்கும்."

"செத்த வீட்டில ஏன் சண்டை?"

"உன்ர அக்கா சண்டை பிடிக்காத வீடு எது?"

அவன் குரலைத் தாழ்த்தி, "பெரியண்ணையின்ர கதை இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது" என்றான்.

"உனக்குத் தெரியுந்தானே."

போனை வைக்கும்வரை, வரியைத் திரும்பப் போடவேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

மத்தியானமே சென்ட் லோரன்டில் இருக்கும் அச்சகத்துக்குப் போய், பக்கத்தில் நின்று அந்த வசனத்தைத் திரும்பப் போடுவித்தேன். தமிழாக்கியவர் என்று இருந்த உன் பெயருக்குக் கீழே என் பெயரையும் சேர்த்தேன். உன் கோபம் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை ஆறவிடும் எண்ணம் எனக்கில்லை. குறை சொல்ல வருகிறவர்கள் அந்தியேட்டி அன்று மண்டபத்துக்கே வரட்டும். பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டு நிற்பேன்.