அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்

ஜூன் 4, செவ்வாய்

ஒன்றும் வாங்காமல் கடையை விட்டு வெளியே வர ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. தினம் எட்டுப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். குறுக்கே வரும் லாரிக்காரனைக் கண்ணாடியை இறக்கித் திட்டுகிறேன். கடைக்காரர் முன்னால் மட்டும் பூனைக்குட்டி ஆகிவிடுகிறேன். ஒற்றை ஆள் இருக்கும் வீட்டில் மூன்று இஸ்திரிப் பெட்டி கிடப்பது இதனால்தான்.

இன்று மழையில் சாயங்கால வகுப்பு ரத்து. நடந்து வரும்போது மழை வலுத்து, லைசென்ஸ் டெஸ்ட் நடக்கும் டெஸ்ட் ரோட்டில் ஒரு நாற்காலிக் கடையில் ஒதுங்கினேன். கடைக்கார அம்மாவுக்கு அறுபது இருக்கும். தனியாக ஏழு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார். மழை நின்று வெகு நேரமாகியும் அவர் நிற்கவில்லை. வேறு ஈ காக்கை இல்லை கடையில். எப்படிக் கிளம்புவது? வாசல்வரை போனவள் திரும்பிச் சொன்னேன்:

"அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்க்கா. அவங்க உக்காந்து பாத்தாதான் சரியா வரும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அம்மாவுக்கா, முட்டி வலியா, இருக்கை எவ்வளவு உயரம் வேண்டும் என்று வரிசையாகக் கேட்டார். என் கை தானாகத் தொடைப் பக்கம் போய் ஓர் உயரத்தைக் காட்டியது.

அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது.

ஜூன் 5

புதுப் பொய் இல்லை. இருபது வருடமாக, வாங்காமல் தப்பித்த ஒன்றிரண்டு கடைகளிலும் இதையே சொல்லித்தான் தப்பித்து வந்திருக்கிறேன். அப்போது அம்மா இருந்தாள், அவ்வளவுதான்.

ஜூன் 11, செவ்வாய்

வண்டியில் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். கியர் போடும் முன் மனசுக்குள் சூத்திரம் சொல்வார் போலிருக்கிறது, உதடு அசையும். டெஸ்ட் ரோட்டில் நேராகப் போய்க்கொண்டிருந்தோம். தூரத்தில் கடைக்கார அம்மா வாசலில் நிற்பது தெரிந்தது. என்னைப் பார்த்துக் கையை விரித்தார் - எங்கே அம்மா?

"சார், லெஃப்ட் எடுங்க. லெஃப்ட், லெஃப்ட்."

சந்துக்குள் திரும்பினோம். டெஸ்ட்டுக்கு நேர் ரோடுதானே என்று வாத்தியார் கேட்டார். திருப்பப் பயிற்சி என்றேன். அடுத்தவர் வண்டியை நிறுத்த என் காலடியில் ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள். என் வாய்க்குத்தான் இல்லை.

ஜூன் 14

இன்றும் லெஃப்ட். நேற்றும்தான்.

ஜூன் 19, புதன்

நடந்து போகும்போது மாட்டிக்கொண்டேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். நடுவில் ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் அகலமான கை. தச்சரைக் கூப்பிட்டுக் காலுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தியிருந்தார். நாலு விரற்கடை இருக்கும்.

"அன்னிக்கு நீங்க கை காட்டின உயரம்தான். சரியா இருக்கா பாருங்க."

மற்றவர் உட்கார்ந்தால் காலே தரையில் பதியாது, இனிமேல் இதை யாருக்கும் விற்க முடியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்.

அத்தோடு வந்திருக்கலாம், இல்லையா? வரவில்லை. அவர் டீ கொடுத்தார், அம்மாவைப் பற்றிக் கேட்டார், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். டிவியில் செய்தி வாசிக்கிறவளுக்கு அம்மா பதில் சொல்வாள், 'சரி சரி, நீ போய் சாப்பிடு' என்பாள் என்று சொன்னேன். சொல்வாள் - சொன்னாள் இல்லை. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஊர் முழுக்கத் தேடினாலும் அந்தக் கடையில் மட்டும்தான் அம்மா உயிரோடு இருக்கிறாள். வெளியே வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 20

காய்ச்சல்னு ஏன் சொன்னேன்? செத்தவளுக்குக் காய்ச்சல். சீ.

ஜூன் 23, ஞாயிறு

அண்ணன் போன் செய்தான். வெளியூரில் இருப்பவன், ஞாயிறு தவறாது. எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் குளியலறைத் தரைக்கு வந்து நிற்பான். இன்றும் அதே.

"அந்த வழுவழு டைல்ஸ நான்தானே புடிச்சு எடுத்தேன். சொரசொரப்பா போடலாம்னு கொத்தனார் தலையால அடிச்சுக்கிட்டான்."

விடுண்ணா என்றேன். ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிற 'விடுண்ணா'.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்?

அம்மா குளியலறையில் வழுக்கவில்லை. இந்த ஹாலில், இந்தச் சோபாவிலிருந்து எழும்போது விழுந்தாள். உட்கார்ந்தால் ஆளையே விழுங்கிவிடுகிற தாழ்வான சோபா. உயரமாக, கை வைத்த நாற்காலி ஒன்று வேண்டும் என்று ஒரு வருடம் கேட்டாள். பார்க்கலாம்மா, பார்க்கலாம்மா என்றே ஓட்டினேன். அம்மாவோடு உள்ளே போய்விட்டுப் பிடிக்காமல் போனால் எப்படி வெறுங்கையோடு வருவது என்ற கூச்சம். மனுஷி சொல்கிற காரணமா இது? ஆனால் அதுதான் காரணம்.

அன்றைக்கு ஒரு மாணவியின் அப்பாவோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "கை குடு" என்றாள் அம்மா. இரு என்று விரலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தானே எழுந்தாள்.

இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரிக்கு அண்ணன் ஓடிவந்து எப்படி விழுந்தாள் என்று கேட்டான். குளியலறையில் வழுக்கிவிட்டாள் என்று என் வாயில் வந்தது. அம்மா முழித்துத்தான் இருந்தாள். என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தாள். ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்காமலே போய்விட்டாள்.

ஜூலை 2

கணக்கு வாத்தியார் கியருக்குக் கையை நீட்டினார். நான் என் கையைக் கொடுத்துவிட்டேன். இருவரும் அசடு வழிந்தோம். மேடத்துக்கு உடம்பு சரியில்லையா என்று அவர் கேட்டார். நான்கு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை என்றேன். அது உண்மை.

ஜூலை 9, செவ்வாய்

வாத்தியார் டெஸ்ட்டில் பெயில்.

நேராகப் போகச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாகத்தான் ஓட்டியிருக்கிறார். நாற்காலிக் கடைக்கு முந்தின சந்து வந்ததும் லெஃப்ட் எடுத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் எங்கே போறீங்க என்று கத்திய பிறகுதான் சந்துக்குள் இருப்பதே தெரிந்ததாம்.

"கை தானா திரும்பிடுச்சு மேடம். நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. தப்பு என்னோடது, மன்னிச்சிடுங்க."

அறுபத்தோரு வயதுக்காரர், என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். அங்கே அண்ணன் ஒரு பக்கம். பொய் சொன்னது நான், மன்னிப்புக் கேட்பதெல்லாம் மற்றவர்கள். இவருக்காவது மறுபடி டெஸ்ட் உண்டு.

ஜூலை 10, புதன்

மத்தியானம் கடைக்குப் போனேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன், உள்ளே போனால் வாய் மறுபடி ஏதாவது கதை கட்டும். அம்மா போய் ஒன்பது மாசம் ஆச்சுக்கா என்றேன்.

துடைத்துக்கொண்டிருந்த துணியை நாற்காலிமேல் போட்டார். பிறகு அதுவரை சொல்லிவந்த 'நீங்க' போய்விட்டது.

"அப்ப அன்னிக்கு யாருக்கு அளவு காட்டினே?"

தச்சரிடம் அளவு சொல்லிக் கட்டை வைத்திருக்கிறார், அடுத்த வாடிக்கையாளர் முட்டி வலி என்று வந்தபோதும் இது ஒரு அம்மாவுக்கு என்று வேறு நாற்காலியைக் காட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லித் திட்டினார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். திட்டி முடித்ததும், உக்காரு என்றார். அந்த நாற்காலியைத்தான் காட்டினார்.

உட்கார்ந்தேன். எனக்கும் அம்மாவைப் போல நெட்டைக் கால், தரையில் பதிந்தது. இரண்டு கையையும் ஊன்றினேன். எழுந்துவிட்டேன்.

அவ்வளவுதான். யாருடைய கையும் வேண்டியிருக்கவில்லை. அம்மா ஒரு வருடம் கேட்டது இவ்வளவுதான். கடை நடுவில் நின்று அழுதேன், இத்தனை நாளில் முதல் தடவையாக.

இதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கொண்டுபோய் என்ன பண்ணுவே? தெனம் பாத்து அழுவே. எழுந்துக்க முடியாதவங்க யாராவது வருவாங்க. நீ போம்மா."

வெறுங்கையோடு வந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

அண்ணன் கூப்பிடுவதற்கு முன் நானே கூப்பிட்டேன். சோபா, போன், விரல், எல்லாம் சொன்னேன். லைன் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன்.

"ஒன்பது மாசம்" என்றான். வைத்துவிட்டான்.

ஜூலை 21, ஞாயிறு

போன் வரவில்லை.

ஜூலை 25

வாத்தியார் பாஸ். சாயங்காலம் என்னை உட்காரவைத்து டெஸ்ட் ரோட்டில் நேராக ஓட்டிக் காட்டினார். கடைக்கார அம்மா வாசலில் இருந்தார். கையசைக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

ஜூலை 28, ஞாயிறு

காலையில் அண்ணனின் எண்ணிலிருந்து போன். பேசியது அண்ணி. அவன் கடைக்குப் போயிருக்கிறானாம், வருவதற்குள் சொல்லிவிடுகிறேன் என்று தணிந்த குரலில் பேசினாள். என்மேல் கோபமாகத்தான் இருக்கிறான், எப்போது பேசுவான் என்று கேட்காதே, தனக்கும் தெரியாது என்றாள். பிறகு சொன்னாள்:

"உங்கிட்ட இத நான் சொன்னதில்ல. அத்த போனதுலேருந்து எங்க வீட்டுல யாரு குளிச்சிட்டு வந்தாலும் உங்கண்ணன் பின்னாடியே போய் குந்திக்கிட்டுத் தரையத் தொடைப்பாரு. நான் குளிச்சாலும் சரி, பசங்க குளிச்சாலும் சரி. ஒரு சொட்டு இருக்கக்கூடாது. ஆபீசுக்கு லேட்டானாலும் விடமாட்டாரு. இன்னிக்குக் குளிச்சாரு, தல தொவட்டுனாரு, நேரா வந்து சாப்பிட உக்காந்துட்டாரு. தரை இன்னும் ஈரமாத்தான் கெடக்கு. நான் அதத் தொடல."