மஞ்சள் சுவரில் சிவப்பு முக்கோணம்

சின்னு மாமா,

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும்போது மட்டும்தான் உன்னை இப்படிக் கூப்பிடுவேன். இன்றைக்கு எழுத்திலும் கூப்பிட்டுவிட்டேன்.

எதிர்வீட்டில் பொங்கலுக்காகக் கதவு, ஜன்னலுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் வாசனை அடுப்பங்கரைவரை வந்துவிட்டது. உலையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். இத்தனை வருஷம் கழித்தும் புதுப் பெயிண்ட் வாசனை வந்தால் எனக்கு முகம் சுடுகிறது. யாரோ முதுகுக்குப் பின்னால் சிரிக்கிற மாதிரி இருக்கிறது.

நான் மூன்றாவதோடு நின்றவள், உனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன்.

கல்யாணமாகி வருஷங்கள் போய், நமக்குப் பிள்ளை இல்லாமல் இருந்த காலம். உன் அம்மா எனக்கு வேற்றாள் இல்லை, என் அப்பாவோடு பிறந்த அத்தைதான். ஆசையாக என்னைக் கேட்டு வாங்கி வந்தவளே, அய்யங்கார்குளத்தில் உனக்கு இன்னொரு பெண்ணைப் பார்த்து வைத்தாள். என் காதுபடவே பேசினாள். அறுப்பு முடிந்ததும் வெற்றிலை பாக்கு மாற்றுவது என்று பேச்சு. நீ சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கழனிக்குப் போய்விடுவாய். இன்றைக்காவது ஏதாவது சொல்ல மாட்டாயா என்று நான் சோறு போட்டுவிட்டு நின்றுகொண்டே இருப்பேன்.

அப்போதுதான் மானாம்பதி ரோட்டில், பம்ப்செட் ரூம் சுவரில் அதைப் பார்த்தேன். சுவர் முழுக்க மஞ்சள். நடுவில் நல்ல சிவப்பில் ஒரு முக்கோணம், கூர் கீழே பார்த்தபடி. எழுத்து ஒன்றும் கிடையாது.

என் அம்மா பிறந்த வீட்டில் குலசாமிக்குச் சிலை இல்லை. ஆடி மாதத்தில் சுவரில் மஞ்சள் பூசி, அதன்மேல் குங்குமத்தால் முக்கோணம் போடுவார்கள். அதுதான் அம்மன். பிள்ளையில்லாதவர்கள் அதன் முன்னால் முந்தானையை ஏந்திக் கேட்பார்கள். சின்ன வயதிலிருந்து நான் கும்பிட்டது அது. அது அப்படியே ரோட்டோரம் வந்து நின்றால் நான் வேறு என்ன நினைப்பேன்? யார் அடித்தார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. என்னைத் தேடி வந்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

வெள்ளிக்கிழமைதோறும் போனேன். குங்குமம் வைத்து, கதம்பம் சார்த்தி, அகல் ஏற்றினேன். என்னைப் பார்த்து இன்னும் சில பெண்களும் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீர் தெளித்துக்கொண்டு போனாள். கழனியிலிருந்து திரும்புகிற வழியில் நீயும் வந்து என் பக்கத்தில் நின்றாய். கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாய்.

மழை விட்டபிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பெயிண்டர் சைக்கிளில் டப்பாவோடு வந்தான். சுவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னாக்கா பண்ணிக்கினு கீறீங்க? இது சாமி இல்லக்கா. கவர்மெண்டு அடையாளம். புள்ள போதும், நிறுத்திக்கோன்னு சொல்றதுக்குப் போடறது. எழுத்து எழுதறதுக்குள்ள மழ புடிச்சிக்கிச்சி."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அடக்க முடியாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கூட இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஒவ்வொருத்தியாக நழுவினார்கள். நான் ஏற்றிய அகல் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைப்பதா, விடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

நான் வீடு வந்து சேர்வதற்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டது. அத்தை வாசலிலேயே நின்றாள்.

"புள்ள வாணாங்கற சொவுத்தாண்ட போயி புள்ள கேட்டுக்கினு வந்துகீறா. தெறக்கறதுக்கு இருந்த கதவையும் இவளே சாத்திட்டா. இனிமே இன்னா பாக்கறது? நாளைக்கே அய்யங்கார்குளம் போறேன்."

எனக்கு அவளிடம் கோபம் வரவில்லை மாமா. அவள் சொல்வது சரிதானோ என்றுதான் பயந்தேன். தண்ணீருக்குப் போனால் முக்கோணம், கடைக்குப் போனால் முக்கோணம். பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் வெளியே போவதை விட்டேன்.

அத்தை மறுநாள் போகவில்லை. நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. நீ என்ன செய்தாய் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். எதிரே டீக்கடையில் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்களாம். நீ வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு, பெயிண்டர் எழுதிவிட்டுப் போன புது எழுத்துக்குப் பக்கத்திலேயே, அந்த முக்கோணத்துக்குக் குங்குமம் வைத்தாயாம். "இன்னா நைனா, ஆபரேசன் பண்ணிக்கப் போறியா?" என்று ஒருத்தர் கேட்டதற்கு, "நீயும் வாயேன், தொணைக்கு" என்றாயாம்.

நெற்றியில் அதே குங்குமத்தோடு வீட்டுக்கு வந்தாய். அத்தையின் முன்னால் நின்று சொன்னதை நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"நானும் கேட்டுட்டு வந்தேம்மா. சிரிக்கறவங்க என்னப் பாத்துச் சிரிக்கட்டும். அய்யங்கார்குளத்துக்கு ஆள் அனுப்பி வாணாம்னு சொல்லிடு."

அவ்வளவுதான். இரண்டாவது பெண் வரவில்லை. பிள்ளையும் வரவில்லை. அந்தப் பெயர் மட்டும் என்னை விட்டு உன்மேல் போய் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து நீதான் முக்கோணத்தார். நீயும் திரும்பிப் பார்ப்பாய், உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்ட மாதிரி.

கார்த்திகையில் நீ போன அன்று வெளியூர்க்காரர் ஒருவர் வழி கேட்க, தெருமுனையில் யாரோ, "முக்கோணத்தார் வூட்டு சாவா? நேராப் போ" என்றார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு போகிற அன்றைக்கும் நான் வாங்கிக் கொடுத்த பெயர்தான். தலையை மூடிக்கொண்டு அழுதேன். அழுகையில் பாதி வெட்கம் மாமா. இன்னும் அது போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் அந்தப் பெயிண்டர் வந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது என்றான். பிறகு சொன்னான்: முதல் நாள் அவன் சாரத்தின்மேல் நின்று மஞ்சள் அடிக்கும்போதே நீ அந்த வழியாக வந்தாயாம். இது என்ன என்று கேட்டாயாம். அவனும் விவரமாகச் சொன்னானாம்.

எல்லாம் தெரிந்துகொண்டேதான் அத்தனை வெள்ளிக்கிழமையும் என் பக்கத்தில் நின்றிருக்கிறாய். ஊர் சிரிப்பதற்கு முன்னாலேயே கைகூப்பிக் கண்ணை மூடியிருக்கிறாய். அப்போது நீ என்ன வேண்டிக்கொண்டாய் மாமா?