மாமாவுக்குக் குறைந்த செம்பு

விமலா அண்ணிக்கு,

நீங்கள் இன்னும் கோபமாகவே தூங்குகிறீர்கள். எழுப்பப் பயந்து, எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

பத்து மணிக்கு மாமாவை நிமிர்த்தி உட்காரவைத்து, மூக்குக் குழாயில் பால் ஊற்றுங்கள். அடுத்து, ஒரு கரண்டி கொக்கோவை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, வடிகட்டி ஊற்றுங்கள். கடைசியில் வெறும் தண்ணீர். இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாயில் ஒரு சொட்டும் வேண்டாம், புரையேறிவிடும். கண்ணாலேயே கெஞ்சுவார், ஏமாறாதீர்கள்.

கொக்கோ எதற்கென்றால், அதில் செம்புச் சத்து அதிகமாம்; மாதக்கணக்கில் குழாய்ப் பால் மட்டுமே போவதால் அவர் ரத்தத்தில் செம்புச் சத்து குறைந்துவிட்டதாம். அதைத்தான் நேற்று போனில், "செம்பு கொறையுது அண்ணி, டாக்டரே சொல்லிட்டாரு லா" என்றேன். நீங்களோ, "போன தீபாவளிக்கு நான் எடுத்துட்டுப் போனத டாக்டர்கிட்டயா போய்ச் சொன்ன?" என்று கத்திவிட்டு, பீடோரிலிருந்து பஸ் ஏறி வந்து, சாமி மேடைச் செம்பைச் சாப்பாட்டு மேசையில் டமாலென்று வைத்தீர்கள். மாமா சத்தமே வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

உங்களுக்குச் சோறும் நெத்திலிச் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன்.

குமுதா

பி.கு.: அந்தச் செம்பு காணாமல் போனதே, நீங்கள் கொண்டுவந்து வைத்த பிறகுதான் எனக்குத் தெரியும். போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள் அண்ணி.